வளையம் வராத தட்டு

காலை பத்தரைக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முந்தின நாள் மாலை அட்டெண்டர் கன்னையா ஆயுத பூஜை போட்டிருந்தார். அதற்குள் நான் தங்கும் அறைக்குப் போய்விட்டேன்.

உள்ளே என் நான்கு கண்ணாடித் தட்டுகளுக்கும் சந்தனப் பூச்சு. மேலேயும் அடியிலும். அதற்கு முன் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். எழுதிவைத்த பெயர்கள் போய்விட்டன.

"இதுக்கெல்லாம் எதுக்கு கன்னையா?"

"மிஷினுக்கு மட்டும் வெச்சா உள்ள கீறதுங்க கோச்சிக்காது சார்?"

"அதுங்க கிருமி," என்றாள் சுமித்ரா. பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்பவள். என்னைப் போல ஆந்திராவின் நகரி ஊர்க்காரி.

"இருக்கட்டும் பாப்பா. மூணு வருசமா அதுங்களுக்குத்தான சோறு போட்டுக்கினு கீறீங்க?"

பதினொரு மணிக்கு என் பிஎச்.டி. கமிட்டி.

என் பழங்கள் மூன்று. நாவல், களாக்காய், சித்தூர் மாம்பழக்கூழ் பேக்டரி குப்பையில் கொட்டும் மாங்கொட்டைப் பருப்பு. ஆன்டிஆக்ஸிடென்ட் சோதனையில் மூன்றும் தேறிவிட்டன. பாக்கி கிருமிச் சோதனை. தட்டில் கிருமி பால் ஆடை போலப் படரும். நடுக்குழியில் சாறு விடுவோம். கிருமி செத்த இடம் தெளிந்த வளையமாகும்.

சாறு இறக்க மெத்தனால் ஊற்றி, பிறகு அதை முழுதும் ஆவியாக்க வேண்டும். மிச்சமிருந்தால் அதுவே கிருமியைக் கொல்லும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது தட்டு. அதில் பழம் கிடையாது, மெத்தனாலை ஆவியாக்கிய மிச்சம் மட்டும். வளையமும் வரக்கூடாது.

இரண்டு முறை வந்தது. என் மனைவி ஹரிதா இறந்த வருடம் அது. எதையும் முழுதாகச் செய்யவில்லை. மூன்றாவது முறையும் வந்தால் என் பதிவு ரத்து.

"பேர் போனா இன்னாண்ணா? குழியில கலர் இருக்குமே," என்றாள் சுமித்ரா. மூடியை எடுத்தாள்.

ஊதாக் குழி. நாவல். வளையம் பதினாறு மில்லிமீட்டர்.

"கோவிந்தா!" என்று கத்தினார் கன்னையா.

சிவப்பு. களாக்காய். பதின்மூன்று.

"கோவிந்தா!" பொரி பறந்தது. சுமித்ரா தும்மினாள்.

பழுப்பு. மாங்கொட்டை. இருபத்திரண்டு! கன்னையா ஸ்டூல்மேல் ஏறிவிட்டார். எதிர் ஆய்வகத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

நான்காவது தட்டு. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"நீ பாரு."

மூடியை எடுத்தாள். அடிச் சந்தனத்தைத் துடைத்து வெளிச்சத்துக்குத் தூக்கினாள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, சொல்லித் தொலை!"

"ஒன்னுமே இல்லண்ணா! குழி வரைக்கும் கிருமி! கொழுகொழுன்னு கீது!"

வாங்கிப் பார்த்தேன். வெண்மை. விளிம்புவரை. ஒரு கிருமிகூடச் சாகவில்லை. வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. விக்கல் என்று நினைத்தேன். சிரிப்பு. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

"ஓடு சார், மணி பதினொண்ணு!"

மூவரும் தட்டுகளோடு மாடி ஏறினோம். கமிட்டித் தலைவர் ரங்கையா சார் நான்காவது தட்டைத்தான் முதலில் கேட்டார். ஸ்கேலை வைத்தார். திருப்பினார். மறுபடி வைத்தார்.

"ஏமப்பா, இதுல ஒண்ணும் லேதே?"

"லேது சார்! ஒண்ணுமே இல்ல!"

"லேதுன்னா அதுக்கா இந்தக் குதி?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். மறுபடி சிரிப்பு. வாசலில் கன்னையாவும் சுமித்ராவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். ரங்கையா சார் படிவத்தில் நான்காவது தட்டுக்கான மூன்று கட்டங்களிலும் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷம் நீட்டிப்பு. போய் எங்கேயாவது உட்கார்ந்து சிரி."

நின்றபடியே சிரித்தேன்.