கோந்துக்கு ஒரு பாட்டு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். ஒன்று நானும் மகளும். இன்னொன்று கடல் தாண்டிக் குளிர் நாட்டில் இருக்கிற ஒரு கால்பந்து கிளப். மவுசு எப்போதும் இரண்டாவதுக்குத்தான். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு எனக்கே அலுத்துப்போய்விட்டது.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடையில் கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நடுவில் ஓடாத ஃப்ரீசர் ஒன்றின் மேல் டி.வி. அதன் முன்னால்தான் ரசிகர் சங்கம் கூடும். சங்கம் என்று பெயர் பெரிதே தவிர, பஸ் டிரைவர், மருந்துக் கடைக்காரர், கண்ணாடி வெட்டுகிறவர் என்று எல்லாம் தெரிந்த முகங்கள்தான். அந்த நாட்டு மொழி ஒருவருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் கிளப் தோற்றால் எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். கொடி தைத்துக் கொடுப்பது நான். பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை என்பதால் மிச்சத் துணிக்குப் பஞ்சமில்லை.

அவர்களுடைய சாமி ஒரு கோல்கீப்பர். பந்து கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குக் 'கோந்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஆடிய ஒரு மேட்ச், வீடியோ கேசட்டாக எங்களிடம் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த யாரோ கொண்டுவந்தது. நகலுக்கு நகல் எடுத்ததில் நிறமெல்லாம் வெளுத்து, இரண்டு அணியும் பாசி பிடித்த தண்ணீரில் ஓடுவது போலத் தெரியும். அதில் கோந்து பந்தைத் தொடும்போதெல்லாம் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டம் மொத்தமும் எழுந்து ஒரு பாட்டுப் பாடும். நல்ல மெட்டு. கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஒரு மனிதனை ஊரே இப்படிக் கொண்டாடுகிறதே என்று என் வீட்டுக்காரர் கண் கலங்குவார்.

வார்த்தை புரியவில்லை என்பதற்காக விட்டுவிடுவார்களா? இவரே தமிழில் வார்த்தை போட்டார். 'வாடா கண்ணே, வந்து சேரு, ரெண்டு கைக்குள்ள தூங்கு.' கோந்து பந்தைத்தான் அப்படிக் கூப்பிடுகிறாராம். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் இவர் மேளத்தைத் தட்ட, சங்கம் அதைப் பாடும். இவர் மேளம் தட்டாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கோந்து ஆட்டத்தை விட்டுப் போன பிறகும் அது நிற்கவில்லை. என் மகள் அந்தப் பாட்டில்தான் தூங்கி வளர்ந்தாள். இப்போது அவள் பிரசவத்துக்கு வந்திருக்க, பிறந்த பேரனையும் அதே பாட்டில்தான் இவர் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வேறு தாலாட்டு கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கிளப் எங்கள் ஊருக்கு வருகிறது என்று செய்தி வந்தது. குளிர்பானக் கம்பெனி ஒன்று கூட்டிக்கொண்டு வந்தது. தெருவெல்லாம் பெரிய பெரிய அட்டை மனிதர்கள், ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு. உண்மையான ஆட்டக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட்ட பஸ்ஸிலிருந்து ஓட்டலுக்குள் நுழைந்ததோடு சரி. ரசிகர்களோடு கை குலுக்குவதற்கென்று கிளப் சம்பளம் கொடுத்து ஒரு பழைய ஆளை அனுப்பியிருந்தது. அந்தப் பழைய ஆள் கோந்து.

செய்தி தெரிந்த அன்றைக்கு இவர் கடையைத் திறக்கவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டுவந்து, இஸ்திரி போட்டுக் கொடு என்று என் முன்னால் நின்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

சந்திப்பு ஒரு பெரிய கடைவளாகத்தின் நடுக்கூடத்தில். நானும் போனேன். மேடையில் கோந்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, முட்டி வலியோடு நடக்கிற மனிதர். யார் வந்தாலும் ஒரே அளவுச் சிரிப்பு. சங்கத்தின் முறை வந்தது. இவர் மேளத்தைத் தட்டினார். எல்லோரும் பாடினார்கள்.

மெட்டு தொடங்கியதுமே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாட்டு முடியும்வரை அவர் தலை நிமிரவே இல்லை. பிறகு இறங்கிவந்து, ஒவ்வொருவராகக் கை குலுக்கி, இவருடைய கையை மட்டும் விடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"பாத்தியா, அழுதுட்டாரு," என்றார் இவர் என்னிடம். நாளைக்கு மைதானத்தில் நடக்கிற ஆட்டத்தின் இடைவேளையில் கோந்து வலம் வருவாராம், அப்போது இதே பாட்டை அரங்கமே கேட்கிற மாதிரிப் பாடவேண்டும் என்று டிரைவரும் மருந்துக் கடைக்காரரும் அங்கேயே திட்டம் போட்டார்கள்.

கைகழுவுகிற இடத்தில் அந்த மொழிபெயர்ப்புப் பெண் என் பின்னாலேயே வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அம்மா, அந்தப் பாட்டை எங்க கத்துக்கிட்டீங்க?"

கேசட் கதையைச் சொன்னேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மேட்ச் எதிராளியின் ஊரில் நடந்ததாம். கம்பத்துக்குப் பின்னால் நின்ற கூட்டமும் எதிராளியின் கூட்டம்தான். கோந்துவுக்கு ஒரு குழந்தை இருந்ததாம். கடலில் குளிக்கும்போது அலை அடித்து அவர் கையிலிருந்தே நழுவிப் போய்விட்டதாம். பெற்ற பிள்ளையைப் பிடிக்கத் தெரியாத கை பந்தையா பிடிக்கும் என்பதுதான் அந்தப் பாட்டு. ஆடிய காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கம்பத்துக்கு நடுவில் நின்றாராம்.

"உங்க வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு. சொன்னேன். உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு ஊரே பாக்கிற டி.வி.ல இதைப் பாடப் போறாங்களேன்னுதான் சொல்றேன்மா."

அவள் போன பிறகும் குழாயை மூடாமல் நின்றிருந்தேன். எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. அந்தக் கூட்டத்தின்மேலா, கேசட் கொண்டுவந்த பாவியின்மேலா, ஒன்றும் புரியாமலே ஒன்றைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய எங்கள்மேலா.

வீட்டுக்கு வந்ததும் இவர் பேரனை மார்பில் சாய்த்துக்கொண்டு அதையே பாடினார். 'ரெண்டு கைக்குள்ள தூங்கு.' குழந்தை தூங்கிவிட்டது. அந்த நிலைமையில் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் மேளத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. சொல்லக் கூடாது என்று கோந்து கேட்டுக்கொண்டதையும் சேர்த்தே சொன்னேன். இவர் கத்துவார், நம்பமாட்டார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் கயிற்றின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"குழந்தை கெடைக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை என்றேன். காய்கறித் தோல் சீவுகிற கத்தியை எடுத்துவந்து மேளத்தின் இரண்டு பக்கத்தையும் கிழித்தார்.

சங்கத்திடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும், எனக்கு ஒருத்தனுக்குப் போதும் என்றார். மேளம் கிழிந்துவிட்டது, இன்றைக்குப் பாட்டு கிடையாது, மீறி யாராவது வாயைத் திறந்தால் சங்கத்தையே கலைத்துவிடுவேன் என்று மைதானத்து வாசலில் நின்று சொன்னார். கோந்து கையைப் பிடித்ததில் தலைக்கனம் வந்துவிட்டது என்று டிரைவர் இவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இத்தனை காலப் பழக்கத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர்களுக்குள் வந்ததே இல்லை. உள்ளே போய் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் என்று ஒன்று நடந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றார்கள். யாரோ பையன்கள் ஓடினார்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. இடைவேளை வந்தது. கோந்து தனியாக மைதானத்தைச் சுற்றி நடந்துவந்தார். மற்ற பக்கங்களுக்கெல்லாம் நடந்துகொண்டே கையசைத்தார். நான் தைத்த கொடி தெரிந்ததும் அவர் நடை நின்றது. விளம்பரப் பலகையை ஒட்டி, எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோந்து ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்து எங்கள் பக்கம் சாய்ந்தார். நாங்கள் அசையவில்லை. புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையையும் சேர்த்து, குழந்தையை ஏந்துகிற மாதிரி வைத்து மெல்ல ஆட்டிக் காட்டினார். இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னங்க, பாடச் சொல்றாருங்க. நம்ம வார்த்தையைக் கேக்கறாரு."

இவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. மேளத்துக்காகப் பக்கத்து இருக்கையில் கை துழாவியது. அங்கே மேளம் இல்லை. அதற்குள் கோட்டுப் போட்ட ஒரு ஆள் வந்து கோந்துவின் முழங்கையைப் பிடித்து, நேரமாகிவிட்டது என்று அழைத்துக்கொண்டு போனான். போகும்போதும் கொஞ்ச தூரம் அந்தக் கைகள் ஏந்தினபடியே இருந்தன. பிறகு தொங்கிவிட்டன.

திரும்பும்போது பஸ்ஸில், சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று என் மனசு என்னைப் பிடுங்கித் தின்றது. இவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழையும்போதே பேரன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். காலையிலிருந்து தூங்கவே இல்லை, உங்க பாட்டு இல்லாம முடியாது, பிடிங்கப்பா என்று மகள் குழந்தையை நீட்டினாள். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்கம்மாகிட்ட குடும்மா," என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. எனக்கும் வேறு பாட்டு தெரியாது.