இடப்பக்கம் விழுந்த பூ

வேப்பந்தட்டை அறிவரசன் செந்துறைக்குப் போய் மேகலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து இருபது நாளாகியும் பதில் வரவில்லை. முப்பத்தாறு வயதில் வந்த வரன். வேறொருவனாக இருந்தால் போன் போட்டுக் கேட்டிருப்பான். இவன் ஓவிய ஆசிரியன். அதுவும் அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தம் வைத்து வரைந்தார்கள் என்று புதிதாகப் படித்துவிட்டு, கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக் கழுத்தறுத்துக்கொண்டிருந்தவன். சும்மா இருப்பானா?

ஒரு செம்பு நிறையப் பூ வரைந்தான். சிவப்பு ரோஜா என்றால் காதல். நந்தியாவட்டை என்றால் களங்கமில்லாத மனம், அதாவது தன்னுடையது. மேசையில் உதிர்ந்து கிடந்த ஒற்றை ரோஜா, வாழ்க்கை கொஞ்ச நாள்தான், சீக்கிரம் பதில் சொல்லுங்கள் என்பதற்கு. இதைவிடத் தெளிவாக யாரால் கேட்க முடியும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

போர்வையில் சுற்றி, பஸ் மாறி மாறி, செந்துறையில் கொண்டுபோய் இறக்கினான். படத்தைப் பார்த்ததும் மேகலாவின் அம்மா கலியம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது.

“என்ன தம்பி, செம்புக்கு எடப்பக்கம் பூ வுழுந்து கெடக்கு?”

அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் பேசினால் செம்பு வைத்துக் குலசாமியிடம் பூ கேட்பது அவன் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். சாமிக்கு வலப்பக்கம் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்கள். ஐரோப்பாக்காரன் பூவையெல்லாம் கரைத்துக் குடித்தவன் சொந்தச் சாமியின் பூவைக் கோட்டைவிட்டான்.

“நமக்கு வலப்பக்கந்தாங்க அத்த,” என்றான், உறவு ஆவதற்கு முன்பே.

“நம்ம வலப்பக்கம் எதுக்குத் தம்பி? நம்மளப் பாத்து இருக்கற சாமிக்கில்ல பாக்கணும்?”

பதறிப்போய்ப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினான். பூ சரியான பக்கத்துக்கு வந்தது. செம்புதான் கூரையில் தொங்கியது.

கதவோரம் நின்ற மேகலா கேட்டாள்: “இதுல என்னதான் சொல்ல வந்தீங்க?”

ஐரோப்பாவிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தான்.

“என்னைப் புடிச்சிருக்கா? அத மட்டும் சொல்லுங்க.”

அவள் வேண்டாமென்றால், படம் புரியாத ஜனங்கள் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை பூவும் என்பது அவனுக்கே அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

“ரொம்பப் புடிச்சிருக்குங்க. பதில் வரலன்னு பயந்துட்டேன்.”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கி ஒரு வார்த்த பேசல நீங்க. அதான் பதில் சொல்லல. எனக்கும் சம்மதந்தான். அம்மாவ நான் பாத்துக்கறேன். படத்த மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க.”

சந்தோஷமாகப் படத்தைப் போர்வையில் சுற்றினான். படம் நன்றாக இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது.