அக்காவின் படத்துக்கு லேமினேஷன்

அக்கா படம் வரைவதில்லை. ஒட்டுவாள், காயவிடுவாள், காய்ந்ததைக் கிழிப்பாள், கிழித்ததன் மேல் வண்ணம் பூசுவாள், பூசியதை உப்புத்தாளால் தேய்ப்பாள். உள்ளே புதைந்த காகிதம் தேய்த்த இடத்தில் எட்டிப் பார்க்கும்போது "போதும்" என்பாள். அந்தப் 'போதும்' வருவதற்குச் சில படங்களுக்கு ஒரு வருஷம் ஆகும். எங்கள் வீட்டில் இதற்குக் 'குப்பை வேலை' என்று பெயர்.

இந்த முறை விஷயம் பெரிசு. ஒரு கேலரிக்காரம்மா வீட்டுக்கே வந்து படம் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்தால் அக்காவுக்கு முதல் தனிக் கண்காட்சி. காட்டுவதற்கு அவள் எடுத்துவைத்தது ஒரே ஒரு பலகை: கிழிந்த சாக்கு, துருக்கறை படிந்த துணி, விளிம்பு தூக்கி நிற்கும் காகிதங்கள், தொங்கும் நூல்கள். காற்றடித்தால் அது லேசாக மூச்சுவிடும்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் அக்கா வேலைக்குப் போனதும் அத்தானுக்குப் பெண்டாட்டி மேல் பாசம் பொங்கியது. அவருடைய பாசம் எப்போதும் எதற்காவது உறை போடுவதில்தான் முடியும். ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. பலகையைத் தூக்கிக்கொண்டு லேமினேஷன் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அது திரும்பி வந்தது, பளபளவென்று, ஓட்டல் மெனு அட்டை மாதிரி.

"கடைக்காரர் தங்கமான மனுஷன்டி," என்றார் அத்தான். "பேப்பரெல்லாம் பிரிஞ்சு கிடந்துச்சாம், அவரே அமுக்கி ஒட்டிட்டாரு. நூல் தொங்குச்சாம், வெட்டி விட்டுட்டாரு. நான் சொல்லவே இல்ல, பாரேன்!"

அக்கா பலகையைத் தொட்டாள். விரல் வழுக்கியது.

"இது நான் செஞ்ச படமா?"

"பின்ன? இனிமே ஈரத்துணி வெச்சே துடைக்கலாம்."

அம்மா சமரசத்துக்கு வந்தாள். "விடுடி. நல்ல மனசோடதானே செஞ்சிருக்காரு." நல்ல மனசோடு செய்யும் அக்கிரமத்துக்கு உலகத்தில் தண்டனை கிடையாது. கூடவே நன்றியும் சொல்ல வேண்டும்.

மறுநாள் வந்த கேலரிக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"அடடா! காயத்தையெல்லாம் பிளாஸ்டிக்கால மூடியிருக்கீங்க. பாத்தாலே மூச்சு முட்டுது! இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இதே மாதிரி இன்னும் இருபது பண்ணுங்க, தனிக் கண்காட்சி வெச்சிடலாம்."

அத்தான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா அக்காவின் தொடையைக் கிள்ளினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நானும் ஜாடை காட்டினேன். அவள் சும்மா இருந்தாலே போதும், கண்காட்சி கிடைத்துவிடும்.

"இந்தப் பிளாஸ்டிக் நான் போட்டதில்ல," என்றாள் அக்கா. "என்னைக் கேக்காம போட்டது. என் படம் இதுக்கு அடியில கிடக்கு."

"யார் போட்டா என்னம்மா? நல்லா வந்திருக்கே. வெளியில சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தக் கடைக்காரரையே கூட்டிட்டு வரவா?" என்றார் அத்தான் உற்சாகமாக. "இருபதையும் ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துடுவாரு."

அக்கா எழுந்துபோய்க் கத்தியோடு வந்தாள். மூலையில் கீறி, பிளாஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பர்ரென்று கிளம்பியது. சாக்கிலும் காகிதத்திலும் பாதி அதோடு போயிற்று.

"ஐயையோ, படத்தைக் கெடுக்கறா, பிடிங்க!" அம்மாவும் அத்தானும் ஒரே குரலில் கத்தினார்கள். முந்தைய நாள் இந்தக் குரல் எந்த ஊருக்குப் போயிருந்தது என்று தெரியவில்லை.

கேலரிக்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அத்தான் சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அக்கா கையை நிறுத்தவில்லை.

"டேய், ஜாடை காட்டினது போதும். வந்து அந்த மூலையை அழுத்திப் பிடி."

பிடித்தேன்.