கம்பளிக் கோட்டு வேண்டாம், சார்

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்களோ, அவள் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் பையில் வைப்பாள். அது பிறவிக் குணமா, வேலையால் ஒட்டிக்கொண்ட பழக்கமா என்று அவள் புருஷனுக்கே இன்றுவரை தெரியாது.

வேலை அப்படிப்பட்டது. முகத்துக்கும் காலுக்கும் பூசுகிற க்ரீம்களை ஐந்து நாடுகளுக்கு அனுப்புகிற கம்பெனி அது. க்ரீம் என்னவோ ஒன்றுதான். பெட்டியின் பக்கவாட்டில் அச்சாகிற பொடி எழுத்துதான் நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டுப் பெட்டியில் 'திறந்த ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று இருந்தால், இன்னொரு நாட்டுப் பெட்டியில் பன்னிரண்டு மாதம் என்று இருக்கும். அச்சாகி வருகிற கட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாதிரித் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜன்னலோர மேஜை, கழுத்து வளைந்த விளக்கு, கையில் ஒரு லென்ஸ் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்து, அப்புறம் அதைக் கூப்பிடவும் சோம்பல்பட்டு, 'கண்ணாடி' என்று சுருக்கிவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அவள் அப்படித்தான். மற்றவர்கள் "எங்கே கையெழுத்து?" என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவள் அலுவலகக் கவுண்டரில் நின்றபடியே ஒப்பந்தத்தின் இருபத்திரண்டு பிரிவுகளையும் படித்தாள்.

"கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ்வளவு நேரம் யாரும் படிக்க மாட்டாங்கம்மா," என்று குமாஸ்தா அலுத்துக்கொண்டார்.

ஒன்பதாவது பிரிவுக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'பனி பெய்யும் மாதங்களில் தொழிலாளிக்குக் கம்பெனி கம்பளிக் கோட்டு வழங்கும்' என்று போட்டிருந்தது. வருஷம் முழுக்க மின்விசிறி சுற்றாவிட்டால் மனுஷன் வெந்துபோகிற ஊர் அது! வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்ல, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அந்தக் கோட்டு மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. மற்ற இருபத்தொரு பிரிவும் பெட்டிக்கடியில் தூங்கப் போய்விட்டது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மகராசன் ஆரம்பித்தானோ தெரியாது. ஒருத்திக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால், மேலாளர் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, இனிக்க இனிக்க நலம் விசாரித்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைப்பார். 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' எல்லாம் அச்சடித்துத் தயாராக இருக்கும், பெயரும் தேதியும் எழுதினால் போதும். பிள்ளை பெற்றுக்கொண்டு திரும்பி வந்தால் வேலை கிடைக்கும். ஆனால் புது ஆள் கணக்கில்தான். அச்சு இயந்திரத்தை ஒன்பது வருஷம் ஓட்டிய நெட்டச்சி அப்படித்தான் போய்விட்டு வந்து, இப்போது கடைக்கோடியில் பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். அவள் தலை மற்றவர்களுக்கு மேலே ஒரு சாண் தெரியும் என்பதால், அந்த மூலையைப் பார்க்காமல் இருக்க முயன்றாலும் பார்வை அங்கேதான் போகும்.

கண்ணாடிக்கு ஆறாவது மாதம் பிறந்த ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது.

"உடம்பை எல்லாம் நல்லா பாத்துக்கறீங்களாம்மா?" என்று மேலாளர் தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுட்டு வரேன் சார்."

"ரெண்டு வரிம்மா!"

"ரெண்டு வரின்னாலும் படிக்கணுமில்ல சார்."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. உங்க இடத்துக்கு ஆள் பார்த்தாச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஜன்னலோர மேஜையை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஏழு வருஷம் கண் எரிய எரிய உட்கார்ந்து சம்பாதித்த இடம் அது. தான் நல்ல வேலைக்காரி என்று அவள் நம்பியது அந்த மேஜையில் உட்கார்ந்துதான். அதை விட்டுவிட்டுப் பசை தடவப் போவதா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டில் புருஷன் தாளைப் பார்த்துவிட்டு மென்று முழுங்கினான். லாரி ஓட்டுகிறவன், சண்டை என்றாலே பிரேக்கை மிதிக்கிற ஆள். "எல்லாரும் போடறதுதானே? திரும்ப எடுத்துக்கத்தானே போறாங்க?"

"உங்க லாரியைப் பிடுங்கிட்டு, ஆறு மாசம் கழிச்சு வந்து டயர் துடைங்கன்னா துடைப்பீங்களா?"

லாரி என்றதும் அவனுக்கே சுரீர் என்றது போலிருக்கிறது. "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்," என்றான்.

அவன் தங்கை கல்யாணமாகிப் போனது இதே கம்பெனியின் தலைமை ஆலை இருக்கிற குளிர்நாட்டுக்கு. அங்கே அதே க்ரீமை டப்பாவில் அடைக்கிற வேலை. போன வருஷம்தான் அவளுக்கும் பிள்ளை பிறந்திருந்தது.

"கடிதாசியா? என்ன அண்ணி கூத்து இது?" என்று நாத்தனார் போனில் கத்தினாள். "இருபத்தாறு வாரம் லீவு கொடுத்தாங்க. திரும்பி வந்தா அதே நாற்காலி. ஒப்பந்தத்துல பதினாறாவது பிரிவு. இருங்க, படம் எடுத்து அனுப்பறேன்."

முழு ஒப்பந்தமும் படமாக வந்தது. பதினாறாவது பிரிவுக்கு முன்னால் அவள் கண்ணில் பட்டது ஒன்பதாவது பிரிவு. பனி பெய்யும் மாதங்கள், கம்பளிக் கோட்டு!

கண்ணாடி பாய்ந்துபோய்ப் பெட்டிக்கடியிலிருந்து தன் ஒப்பந்தத்தை எடுத்தாள். போனை இடது பக்கமும் தாளை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, ஏழு வருஷமாகப் பெட்டிகளுக்குச் செய்ததை இப்போது தனக்குச் செய்தாள். இருபத்திரண்டு பிரிவும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தது. மேலே இருந்த முகவரியை மட்டும் மாற்றியிருந்தார்கள். பதினாறு இப்படிச் சொன்னது: 'பிரசவத்துக்குச் செல்லும் தொழிலாளிக்கு இருபத்தாறு வாரம் விடுப்பு. திரும்பியதும் அதே பணி, அதே இடம்.' கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் கம்பெனியின் முத்திரை.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் புருஷன் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். புருஷனும் கூடவே வந்தான், வாசலில்தான் நிற்பேன் என்ற ஒப்பந்தத்தோடு. அங்கிருந்த அதிகாரி அம்மாள் தாளை இரண்டு தடவை படித்தார்.

"நம்ம நாட்டுச் சட்டத்துல பன்னெண்டு வாரம்தான். இவங்க அதையே கொடுக்காம, கடிதாசி வாங்கி அனுப்பிட்டு இருக்காங்க. அது முதல் தப்பு. ரெண்டாவது, சட்டம் சொல்றது குறைஞ்சபட்சம்தாம்மா. அதுக்கு மேல கொடுக்கறேன்னு கம்பெனி கையெழுத்து போட்டா, கொடுத்தே ஆகணும்." அப்புறம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்தக் கோட்டு என்னம்மா?"

மத்தியானத்துக்குள் விஷயம் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. அன்று சாயங்காலம் நூற்று நாற்பது வீடுகளில் பீரோக்களும் தகரப் பெட்டிகளும் தலைகீழாகக் கவிழ்ந்தன. நெட்டச்சியின் ஒப்பந்தம் அலமாரித் தட்டில் பாத்திரத்துக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது. எண்ணெய்க் கறையோடு அதிலும் பதினாறு இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் கண்ணாடி, மேலாளரின் மேஜையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று அவர் கொடுத்தது, கையெழுத்து இல்லாமல். இன்னொன்று அவளுடைய ஒப்பந்தம். அறைக்கு வெளியே பெண்கள் ஆளுக்கொரு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேலாளர் பதினாறாவது பிரிவைப் படித்தார். அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. "ஏம்மா, இது அந்த நாட்டுக்கு எழுதினது. இங்க ஆலை திறந்த அவசரத்துல எவனோ ஈயடிச்சான் காப்பி அடிச்சுட்டான். இதுல கம்பளிக் கோட்டுகூட இருக்கு, பாருங்க! அப்ப கோட்டும் கொடுக்கணுமா?"

"கோட்டு வேண்டாம், சார். அதை விட்டுக்கொடுத்துடறோம். பதினாறை மட்டும் கொடுங்க."

வெளியே நெட்டச்சி கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

"அச்சுல வந்த தப்புக்கு நான் என்னம்மா பண்றது?" என்றார் மேலாளர், குரலை உயர்த்தி.

அவள் அந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் போல நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி நாற்பதாயிரம் பெட்டியில ஆறு மாசத்துக்குப் பதிலா பன்னெண்டு மாசம்னு அச்சாயிடுச்சே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க சார்? 'தப்பா அடிச்சுட்டோம்னு சொல்லி எந்த நாட்டுலயும் தப்பிக்க முடியாது. கம்பெனி பேர்ல அச்சானா கம்பெனிதான் பொறுப்பு'ன்னு சொன்னீங்க. மூணு நாள் நிக்க வெச்சு ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு ஒட்ட வெச்சீங்க. நாலு மாச வயித்தோட நானும் ஒட்டினேன். க்ரீம் பெட்டிக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா சார்?"

மேலாளர் வெளியே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "முத்திரை இருக்கா?" என்பதுதான். இருந்தது. "தொழிலாளர் அலுவலகத்துக்குத் தெரியுமா?" தெரியும். அப்புறம் என்ன சொன்னார்களோ, மேலாளர் "சரி சார், சரி சார்" என்று ஏழெட்டுத் தடவை சொல்லி வைத்துவிட்டு, கையெழுத்தில்லாத தாளை எடுத்து அவரே இரண்டாகக் கிழித்தார்.

வெளியே எழுந்த ஆரவாரத்தில் அறையின் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. வாசலில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த புருஷன், சண்டைக்குப் பயந்தவன், ஹாரனை விடாமல் அடித்தான். அடுத்த திங்கட்கிழமை நெட்டச்சி பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்பது வருஷம் ஓட்டிய இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். பொத்தானை அமுக்குமுன் அதை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

கண்ணாடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருபத்தாறு வாரம் முடிந்து வந்த அன்று ஜன்னலோர மேஜை அப்படியே இருந்தது. லென்ஸை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தவறுகளைக் குறித்துக்கொள்ளக் குமாஸ்தாவிடம் காகிதம் கேட்டாள்.

அவர் ஒரு பெரிய கட்டைக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு பக்கம் அச்சடிச்சதும்மா. வீணாத்தானே கிடக்கு, பின்பக்கம் எழுதிக்குங்க."

முதல் தாளை எடுத்தாள். 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' வழக்கம்போல அதையும் முழுசாகப் படித்தாள். பிறகு திருப்பிப் போட்டு, அன்றைய முதல் பெட்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தாள்.