சத்தம் போடாத வண்டி

1.

அன்று பாலாவியில் இருந்தவர்கள்: என் தம்பி வீரகத்தி, காணிக்காரன். மைமூனா, கற்பிட்டிப் பெண்கள் சங்கத்தின் மின்சார முச்சக்கர வண்டியை ஓட்டுபவள். சவிரிமுத்து, மீனவர் சங்கத் தலைவர். அவருடைய மனைவி யூஜீனியா. தவமணியாகிய நான், உடப்பில் எங்கள் குடும்பத்துக்கு மூத்தவள். வேறு யாரும் இல்லை. பார்த்ததாகச் சொல்லும் மற்ற எல்லோரும் கேட்டவர்கள்.

அந்தக் கேட்டவர்களால்தான் இதை எழுதுகிறேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி, "முஸ்லிம் பொம்பிளை ஒருத்தி உடப்பார் ஒருத்தர்ட பொன்னாடைய நடுறோட்டில உருவிட்டாளாம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்த உடப்பார் என் தம்பி. வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தேன்.

2.

முதல் தொடக்கம்: 'மைமூனாவின் வண்டி உறுமிக்கொண்டு—'

அந்த வண்டி உறுமாது. வெட்டிவிட்டேன்.

அடுத்தது: 'படபடவென்று புகையைக் கக்கியபடி—'

புகையும் இல்லை.

அதற்கடுத்தது: 'வண்டி புறப்பட்டது.' சரி, எப்போது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் வாசித்த கதைகளில் எல்லாம் வண்டி முதலில் காதுக்கு வரும், பிறகுதான் கண்ணுக்கு. சத்தமும் புகையும் இல்லாத வண்டியைக் கிளப்ப என்னிடம் ஒரு வசனம்கூட இல்லை. வாசகர் என் குழப்பத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தம்பிக்கு வந்ததும் இதே குழப்பம்தான்.

3.

குழப்பமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டிக்கும் உடப்புக்கும் நடுவில், பாலாவியில் இருக்கும் காணி எங்களுடையது. பக்கத்தில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலைக் கூரையின் சூரியத் தகடுகளிலிருந்து மீனவர் சங்கம் மின்சாரம் தரும். வண்டிகள் மைமூனாவின் சங்கத்துடையவை. மூன்றும் சேர்ந்தால் பாலாவியில் சார்ஜ் போட ஓர் இடம் வரும். ஒருவர் விலகினாலும் வராது. வராவிட்டால் கற்பிட்டியிலிருந்து உடப்புவரை வரும் வண்டிக்குத் திரும்பிப் போகச் சார்ஜ் இருக்காது. அந்தப் பெண்கள் வண்டிகளை விற்க வேண்டியதுதான்.

காணி கொடுப்பவனுக்கு முதல் சவாரி. சவிரிமுத்து தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார். தம்பி தேங்காய் உடைத்தான். யூஜீனியா மாதா கோவில் தீர்த்தம் தெளித்தாள். நான் சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தேன். மைமூனா பிஸ்மி சொல்லி ஏறினாள். தம்பி பின் சீட்டில் முதுகு படாமல் இருந்தான். (எங்கள் வீட்டில் யாரும் சாய்ந்து உட்காருவதில்லை.)

"போவமா ஐயா?"

"முதல்ல ஸ்டார்ட் பண்ணு பிள்ளை."

"ஸ்டார்ட்லதான் இரிக்கி."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"காதப் பத்தி நான் ஒண்டும் சொல்லலயே, ஐயா!"

சவிரிமுத்து சிரித்தார். தேவையில்லாத சிரிப்பு. "ஐயாவுக்கு உறுமினாத்தான் வண்டி" என்றாள் யூஜீனியா.

வீரகத்திக்கு முகம் சூடேறியது. கெட்டுப்போன வண்டியில் தன்னை ஏற்றி வைத்து, காதையும் பழிக்கிறார்கள். இறங்கிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தான். ஒரு காலை வெளியே வைத்தான். அவன் பேசாமல் இருந்ததால் சம்மதம் என்று நினைத்த மைமூனா கைப்பிடியைத் திருகினாள். தேசிக்காய் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

(அடுத்த வசனத்தை எழுத முடியவில்லை. 'தம்பி சறுக்கினான்.' 'தம்பி நிலத்தில் இருந்தான்.' 'தம்பி நிதானமாகத் தரையை அடைந்தான்.' சரியான சொல் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்து ஆளுக்கு அதை நான் எழுதியதில்லை.)

மைமூனா திரும்பி எட்டிப் பிடித்தாள். பொன்னாடை அவள் கையில். வண்டி இன்னும் கொஞ்சத் தூரம் போய் நின்றது. தம்பி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே பஸ்ஸுக்கு நடந்தான்.

"எங்கட காணியில ஒரு வயரும் ஓடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

4.

மைமூனாவை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒரு பிரதியில் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அது எங்களுக்கு வசதி. தம்பியின் கோபத்துக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஆகவே அந்தப் பிரதியைக் கிழித்தேன்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் தம்பி காணியை விற்றுவிடுகிறான். இன்னொன்றில் சவிரிமுத்து வந்து மன்னிப்பு—

இந்த வசனத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தலையை நிமிர்த்தினேன். வாசல் படலையில் அந்த வண்டி நின்றது. எப்போது வந்ததென்று தெரியாது. மைமூனா கையில், துவைத்து மடித்த பொன்னாடை.

"அக்கா, ஐயா இரிக்காரா? இதக் குடுத்துட்டுப் போக வந்தன்."

"எப்பிடித் திரும்பிப் போவாய்? சார்ஜ் காணுமா?"

"காணாதுதான்" என்றாள். "அத வந்த பிறகு யோசிப்பம் எண்டு வந்துட்டன்."

தம்பி வெளியே வந்தான். பொன்னாடையை வாங்கினான். வண்டியைச் சுற்றி வந்தான்.

"நிப்பாட்டிட்டியா?"

"ஓம் ஐயா."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"இந்தா, இந்தப் பச்சை லைட்டுதான். இப்ப இல்ல. போட்டா எரியும்." சாவியைத் திருப்பிக் காட்டினாள். எரிந்தது.

தம்பி குனிந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். உள்ளே போய், திருவிழாவுக்கு லைட் போடும் நீள வயரை எடுத்து வந்தான். வாசற்படியில் நின்றுவிட்டான்.

எங்கள் படலைக்கு வந்தவர் யாரும் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லை மாற்றியதுமில்லை. முற்றமும் எங்கள் காணிதான். மைமூனா வண்டியோடு நிற்கிறாள். தம்பி வயரோடு நிற்கிறான். நான் பேனையோடு இருக்கிறேன். இதற்குமேல் எழுத மாட்டேன். அந்த வயரைப் பிளக்கில் குத்துவதா, சுருட்டி உள்ளே வைப்பதா என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஊர்க் கதைக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மைமூனா பொன்னாடையை உருவவில்லை. என் தம்பி விழுந்தான். அவள் பிடிக்கப் பார்த்தாள். வண்டி ஸ்டார்ட்டில்தான் இருந்தது.