பட்டறைக் காவல்

வந்திருந்தவர்கள் இவ்வளவுதான்: சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லன் லூர்துசாமி, விறகுக்கடைத் தங்கராசு, திருவந்திபுரத்திலிருந்து நடந்தே வந்த பங்காளி கோவிந்தசாமி, பக்கத்து இட்லிக்கடை அமிர்தம், தன் வண்டிச் சக்கரத்தைக் கேட்க வந்து, சாவு என்று தெரிந்ததும் திரும்பிப் போக வெட்கப்பட்டு நின்றுவிட்ட சாமிக்கண்ணு. சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வந்த மகள் அபயாம்பாளும் அவள் புருஷன் நடனசபாபதியும். கதவுக்கு வெளியே, உள்ளே காலெடுத்து வைக்காமல், கண்ணாயிரம்.

தங்கராசு பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். உத்திராபதி ஆசாரியை ஆரக்கால் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்த்தித் தண்ணீர் ஊற்றினார்கள். தலை நிற்கவில்லை. லூர்துசாமி பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கோவிந்தசாமி இடுப்பைத் தடவி, அரைஞாணை அறுத்து, அதில் கோத்திருந்த பட்டறைச் சாவியை உருவினார்.

"இந்தாம்மா. இனிமே இது உன்னுது."

சாவி சூடாக இருக்கும் என்று ஏனோ அபயாம்பாள் நினைத்திருந்தாள். ஈரமாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நடனசபாபதி பிணத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாச்சி, உளி, இழைப்புளி, கவராயம் எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளியும் ஒரு கோடும் அடித்திருந்தது. வரிசையில் ஓர் இடம் மட்டும் காலி. பெரிய ரம்பம் தொங்கிய இடம்.

"நேத்து சாயங்காலம்தான் செத்தாரு. விடியறதுக்குள்ள ஒண்ணு போயிடிச்சி" என்றான் மெதுவாக. "பின்னால வேலி முள்ள இழுத்துப் போட்டிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ அழுவலியேன்னு கோவிந்தசாமிக் கெழவரு என்னையப் பாக்குறாரு."

"அழுவேன். நீங்க சொவத்தப் பாக்குறத நிறுத்துங்க."

அவன் நிறுத்தவில்லை. அவளால் குறை சொல்லவும் முடியவில்லை. சிதம்பரத்தில் அவன் இன்னொருவன் பட்டறையில், இன்னொருவன் உளியைப் பிடித்து வேலை செய்தான். சாயங்காலம் உளியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். உலகச் சண்டை முடிந்தும் நல்ல இரும்பு கண்ணில் படவில்லை. புதிதாக வாங்க வழியே இல்லை. ஒருமுறை மாமனாரிடம் ஓர் இழைப்புளியை இரவல் கேட்டான். "என் சாமான் இந்தக் கதவத் தாண்டாது, மாப்ள" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடனசபாபதி இந்தப் பக்கம் வந்ததில்லை. அவன் வராததால் அவளும் வரவில்லை.

அமிர்தம் ஒப்பாரியை ஆரம்பித்தாள். இரண்டு அடி பாடினாள். கூடப் பாட ஆளில்லை. மூக்கைச் சிந்திவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"என்னாடி பண்றது. நாலு பொம்பள இருந்தாதான அழுவ வரும்."

நாலு பொம்பளை வராததற்குக் காரணம் அபயாம்பாளுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. அப்பா பலகையில் ஆணியை நிமிர்த்தி அடித்து, பின்வேலி ஓரம் வைத்து, மேலே மரத்தூளைத் தூவி மறைத்தார். வேலி ஏறிக் குதித்த கண்ணாயிரம் அதில் இறங்கினான். கால் சீழ் பிடித்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் கோர்ட்டில் நின்றார்கள். திருட வந்ததற்கு அவனுக்கு ஜெயில். மறைத்து வைத்த ஆணிக்கு அவருக்கு அபராதம். 'திருடனப் புடிச்சிக் குடு. காலைக் குத்திக் கிழிக்க நீ யாருய்யா? வேலி போடு, பூட்டு போடு, ராத்திரில வெளக்கு வையி, சாமான்ல குறி போடு, காணோம்னா வந்து எழுதிக் குடு' என்று இன்ஸ்பெக்டர் சொன்னாராம்.

அப்பா சொன்னபடியே செய்தார். ஒன்றுவிடாமல் செய்தார். பட்டறையைச் சுற்றி வெளியே தெரிகிற மாதிரி கருவேல முள்ளைக் கட்டினார். திண்டுக்கல் பூட்டு வாங்கினார். கதவைப் பூட்டினால் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். விளக்குத் தொங்கவிட்டார். ஜப்பான்காரன் வருவான் என்று கடலோரம் முழுக்க விளக்கை அணைக்கச் சொன்னபோது, அதுவும் சட்டம்தானே என்று அணைத்துவிட்டு, குடியிருந்த வீட்டைக் காலி செய்து பட்டறைக்கே படுக்கையைக் கொண்டுவந்தார். அணைத்த விளக்கைப் பிறகு ஏற்றினார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஓர் ஆணி குறைந்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரன் அமிர்தத்தின் மாவுப் பானையைத் திறந்து பார்த்தான். தங்கராசின் விறகைக் கலைத்தான். வண்டிக்காரர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். அப்புறம் பேசவும் இல்லை.

திருட்டு நின்றது. அதுவும் உண்மைதான்.

பாடை கட்டி முடிந்தது. கோவிந்தசாமி கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டார். தூக்க நாலு பேர்: நடனசபாபதி, லூர்துசாமி, தங்கராசு, சாமிக்கண்ணு. அவ்வளவுதான். மாற்றுத் தோள்கூடக் கிடையாது.

வெளியிலிருந்து கண்ணாயிரம் தொண்டையைக் கனைத்தான். "நான் ஒரு கை புடிக்கவா?"

"நீ புடிச்சா பாடை ஆடும்" என்றார் கோவிந்தசாமி. "அந்தக் காலை வெச்சிக்கிட்டு ஒன்னால ஒன்னையே தூக்க முடியல."

கண்ணாயிரம் தலையை ஆட்டிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கினான்.

நடனசபாபதி அபயாம்பாளைப் பட்டறை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். "நாங்க அஞ்சு பேரும் போயிட்டா இங்க யாரு?"

"நான் இருக்கேன்."

"நீ எங்கருந்து இருப்ப?" என்று குறுக்கே வந்தாள் அமிர்தம். "பொணம் போனதும் எடத்தக் கழுவிட்டு, வெளக்கேத்தி வெச்சிட்டு, கெடிலம் ஆத்துல போயி முழுவணும். பெத்த மக முழுவாம உக்காந்திருக்கக் கூடாது."

"அப்ப பூட்டிட்டுப் போறேங்க்கா."

"பொணம் போன எடத்த ஆளில்லாம பூட்டுவாங்களா? வெளக்கும் இருக்கணும், ஆளும் இருக்கணும். எங்கயாச்சும் கேட்டிருக்கியா இந்த மாதிரி?"

"நீங்க கொஞ்சம் இருங்களேன்."

"நானா? நானும் பொணத்தத் தொட்டவதான். குளிக்காம நாளைக்கி எவன் எங்கிட்ட இட்லி வாங்குவான்? அதுவுமில்லாம தனியா... வேணாம்டி. ஒங்கப்பா இருக்கும்போதே எனக்கு பயம்."

நடனசபாபதி பல்லைக் கடித்தான். "சாமானப் பெட்டில போட்டு வண்டில ஏத்தி அனுப்பிடலாமா?"

"எந்த வண்டில?" என்றான் சாமிக்கண்ணு. "என் வண்டி ஒத்தச் சக்கரத்துல நிக்குது. இன்னொரு சக்கரம் அதோ, ஆரக்கால்கூட மாட்டாம கெடக்குது. ஆசாரி வெள்ளிக்கெழம தரேன்னாரு."

யாரோ சிரிக்க வந்து அடக்கிக்கொண்டார்கள்.

"கேட்டுக்கோ அபயம்" என்றான் நடனசபாபதி. குரல் தாழ்ந்திருந்தது. "முள்ள இழுத்தவன் பாதி வேலையிலதான் போயிருக்கான். நாம எல்லாம் சுடுகாட்டுக்கும் ஆத்துக்கும் போறது அவனுக்குத் தெரியும். திரும்பி வரும்போது சொவரு காலியா இருந்தா நான் சாவற வரைக்கும் அடுத்தவன் உளியத் தொடச்சிக் குடுத்துக்கிட்டு இருக்க வேண்டிதான்."

கோவிந்தசாமி கூப்பிட்டார். அவன் போய்த் தோள் கொடுத்தான்.

பாடை கதவைத் தாண்டும்போது தங்கராசு குட்டையாக இருந்ததால் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாயிரம் பிடிக்காமலேயே ஆடியது. கண்ணாயிரம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். சங்கு ஊத ஆளில்லை. திருப்பம் தாண்டியதும் சத்தமே இல்லாமல் போயிற்று.

அபயாம்பாள் குடத்தில் தண்ணீர் எடுத்து, அப்பா கிடந்த இடத்தைக் கழுவினாள். மரத்தூள் ஊறிக் குழைந்தது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. விளக்கை ஏற்றினாள். அமிர்தம் மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பொழுது சாயறதுக்குள்ள வா."

"அவுரு ஏன் அங்கியே நிக்கிறாரு?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"கண்ணாயிரமா? அவன் தெனமும் அங்கதான். ஜெயில்லருந்து வந்ததுலருந்து. இவன் வேலிக்கு அந்தப் பக்கம் பீடி புடிப்பான், ஒங்கப்பா இந்தப் பக்கம் பீடி புடிப்பாரு. பேசிக்க மாட்டாங்க. இருட்டுனதும் இவன் எழுந்து போவான், அவுரு கதவப் பூட்டுவாரு."

"எதுக்கு?"

"எனக்கென்னா தெரியும். ரெண்டு பேருக்கும் வேற போக்கெடம் இல்ல."

அபயாம்பாள் கதவருகே போனாள். கண்ணாயிரத்துக்கு அப்பாவைவிட வயது குறைவு. பார்த்தால் தெரியாது.

"உள்ள வந்து ஒரு தடவ பாத்திருக்கலாமே" என்றாள்.

"வரக் கூடாதும்மா. பட்டறைக்குள்ள காலு வெக்கக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கியிருக்காங்க. கைநாட்டு வெச்சிருக்கேன்."

"செத்த பொறவுமா?"

"செத்துட்டாருன்னா கைநாட்டு அழிஞ்சிடுமா?"

அவள் அவன் காலைப் பார்த்தாள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. குதிகால் தரையில் படவில்லை.

"ரம்பம்?"

"நான் இல்ல." கோபப்படாமல் சொன்னான். "இது வேலி தாண்டுற காலா? ஒங்கப்பாதான் அத முடிச்சி வெச்சிட்டாரே." பிறகு, "நீ கேட்டது தப்பில்ல. நானா இருந்தாலும் என்னையத்தான் கேப்பேன்" என்றான்.

அமிர்தம் ஆற்றுப் பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டாள். பின்வேலியில் முள் விலகிய இடம் இங்கிருந்தே தெரிந்தது. அப்பால் நாணல். நாணலில் காற்று அசைந்ததா, ஆள் அசைந்தானா என்று சொல்ல முடியவில்லை.

அபயாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். திரும்பக் கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"இங்க இருக்கீங்களா? நான் முழுவிட்டு வர வரைக்கும்."

கண்ணாயிரம் அவளை முதன்முறையாக நேராகப் பார்த்தான்.

"எம்மேல நம்பிக்க வெச்சா கேக்குற?"

"இல்ல" என்றாள். "வேற ஆளில்ல."

"அப்ப சரி." துண்டை உதறித் தோளில் போட்டான். "என்னைய உள்ள விட்டு வெளிய பூட்டிக்கிட்டுப் போ. சாவி ஒங்கிட்ட இருக்கட்டும். முள்ளப் போயி நான் சரி பண்றேன், உள்ளருந்து. ஒண்ணு கொறஞ்சா என்னையத் தடவிப் பாரு. எங்க போவேன்?"

"ஆளை உள்ள வெச்சிப் பூட்டுனா அதுக்கும் கேஸு உண்டுன்னு சொல்லுவாங்களே."

"நானே கேட்டுப் பூட்டுனா உண்டா, இல்லியா, தெரியல. ஒங்கப்பா இருந்தா ஸ்டேஷனுக்குப் போயி கேட்டுட்டு வந்திருப்பாரு." வாயோரம் கொஞ்சம் கோணியது. அது சிரிப்புதான். "அந்தக் கைநாட்டும் இருக்குது. இப்ப நீதான் இந்த எடத்துக்காரி. வான்னு சொல்லு. சொல்லாம நான் காலு வெக்க மாட்டேன்."

அவள் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"வாங்க."

நிலையைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் எடுத்து வைத்தான். கெட்ட காலைப் பிறகு இழுத்துக்கொண்டான். உள்ளே வந்ததும் நின்று தரையைப் பார்த்தான். பழக்கத்தில் பார்த்த மாதிரி இருந்தது. சுவரை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்வேலிக்குப் போய், குனிந்து, கைக்கு அகப்பட்ட முள்ளைக் கவைக் கம்பால் இழுத்து அடைத்தான். பிறகு நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, ஈரத் தரைக்கும் விளக்குக்கும் கொஞ்சம் தள்ளி, வேலிக்கு இந்தப் பக்கம், மரத்துண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தான். அந்தத் துண்டு உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது.

"போ. இருட்டப் போவுது" என்றான்.

அபயாம்பாள் வெளியே வந்து கதவை இழுத்தாள். அடிக்கட்டை தரையில் உரசியது. தோளால் நெட்டி மூடினாள். பூட்டைக் கோத்துச் சாவியைத் திருப்பினாள். உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. வேலி இடுக்கில் பீடிப் புகை வந்தது.

பூட்டை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தாள்.