இரண்டாவது பொத்தான்

என் அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நான் அதே மருத்துவமனை அலுவலகத்தில் எழுத்தர். வருகைப் பதிவேட்டுக்குப் பதிலாக இனி செல்போன் செயலி என்று நிர்வாகம் அறிவித்ததும், எல்லோரும் முகத்தைக் காட்டி, பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அக்கா மட்டும் அழுத்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அழுத்தாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் அழுத்தியாச்சு. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றேன்.

"பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தியா? 'ஒப்புக்கொள்கிறேன்'. நான் என்னடா தப்பு பண்ணேன், ஒப்புக்கொள்ள?"

சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சொல்லைத் தமிழில் போட்டவனே நான்தான். சாப்பிடப் போகிற அவசரத்தில் நாலே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே இணையக் கொள்கை பற்றி மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி. எல்லோரும் போகமாட்டோம் என்றதால் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் போனேன். வகுப்பெடுத்த பெண் என்னைவிட இருபது வயது சின்னவள். இணையத்துக்கு முதலாளி யார் என்று முதலில் கேட்டாள். ஆளுக்கொரு கம்பெனியைச் சொன்னோம்.

"ஒருத்தரும் இல்ல. அரசாங்கம், கம்பெனி, இன்ஜினியர், நம்மள மாதிரி சாதாரண ஜனங்க, எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் விதி வரணும். நீங்க வாயைத் திறக்கலன்னா உங்களுக்கும் சேர்த்து வேற யாராவது பேசிடுவாங்க."

எனக்குக் கொட்டாவி வந்தது.

ஏதாவது ஒரு செயலியின் நிபந்தனைகளை முழுதாகப் படித்து வரச் சொன்னாள். எங்கள் செயலியையே படித்தேன். முப்பத்தொரு பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில், ஊழியர் இருக்கும் இடம் விடுமுறை நாளிலும் இரவிலும்கூடப் பதிவாகும் என்றிருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். கூடவே அக்கா கேட்டதையும் நகைச்சுவையாக எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"மாட்டேன்னு சொல்ல ஒரு பட்டன் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப அது சம்மதமே இல்ல. உங்க அக்கா சரியாத்தான் படிச்சிருக்காங்க. ஆனா அந்தச் சொல் அவங்கள ஏன் அவ்வளவு உறுத்துது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருடம் முன்பு சலவைக்கூடத்தில் பன்னிரண்டு போர்வைகள் காணாமல் போயின. 'எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டச்சு செய்த தாளை அக்கா முன்னால் வைத்தார்கள். "கையெழுத்தைப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சிரும்க்கா" என்று பேனாவை நீட்டியவன் நான். போட்டாள். மூன்று மாதம் கழித்து வேறொரு வார்டு அலமாரியில் போர்வைகள் கிடைத்தன. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும்தான். அத்தனை பேர் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மேசையில் பத்தொன்பதாம் பக்கத்தை வைத்தேன்.

"வேலை நேரத்துக்கு மேல இடத்தைப் பார்க்கக் கூடாது சார். வேண்டாம்னு சொல்ல இன்னொரு பட்டன் வேணும். அந்தச் சொல்லையும் மாத்தணும்."

"சொல்லுக்கு என்ன? எவன் போட்டது அது?"

"நான்தான் சார். என் தப்புதான்."

அவர் பக்கத்தைப் படித்தார். அவரும் ஏற்கெனவே அழுத்தியவர். தன் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தனவோ என்னவோ, முகம் ஒரு மாதிரி ஆயிற்று. செயலிக் கம்பெனிக்குப் போன் போட்டார். கெடுவும் தள்ளிப்போனது.

இரண்டு வாரத்தில் புதிய திரை வந்தது. கேட்டபடியே எல்லாம் மாறியிருந்தது. சலவைக்கூடத்துக்கு ஓடி, அக்காவின் போனில் அதைத் திறந்து காட்டினேன். இப்போது இரண்டு பொத்தான்கள்: 'சம்மதம்', 'சம்மதமில்லை'.

"அக்கா, அன்னிக்கு உன் கையில பேனாவைக் குடுத்தது தப்பு. நான் ஒப்புக்கறேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, திரையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இரண்டாவதை அழுத்தினாள். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 'சரி. பதிவேட்டில் கையெழுத்திடலாம்' என்று வந்தது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்ட?"

"நெசமாவே வேலை செய்யுதான்னு பார்த்தேன்டா" என்று சொல்லி, பேனாவுக்காக என்னிடம் கையை நீட்டினாள்.